அதிக வாட் கார் ஆடியோ: ஆல்டர்நேட்டரையும் பேட்டரியையும் தேர்ந்தெடுக்கும் முறை

பேஸ் அதிரும் ஒவ்வொரு முறையும் முகப்பு விளக்குகள் மங்கினால், பெரும்பாலோர் உடனே செய்வது இன்னும் பெரிய பேட்டரி ஒன்றை வாங்கி மாட்டுவதுதான். நானும் என் வண்டியில் அதைத்தான் செய்தேன். சில மாதங்களிலேயே புதிய பேட்டரியும் காலையில் செல்ஃப் எடுக்கத் திணறியது. எஞ்சின் ஓடும்போது மின்சாரத்தை உண்டாக்குவது ஆல்டர்நேட்டர்தான். பேட்டரி அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமே. வருமானம் போதாத வீட்டில் உண்டியலைப் பெரிதாக்கிப் பயனில்லை என்பதால், இந்த வேலையைக் கணக்கு, அளவை, கேபிள், ஆல்டர்நேட்டர், பேட்டரி என்ற வரிசையிலேயே செய்ய வேண்டும்.

படி 1: தேவையைக் கணக்கிடுங்கள்

ஆம்ப்ளிஃபயரின் (சுருக்கமாக ஆம்ப்) பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச வாட்டைப் பொருட்படுத்தாமல், அது தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆம்ப்பின் திறனால் (எடுக்கும் மின்சாரத்தில் ஒலியாக வெளியே தரும் பங்கு) வகுத்து, வரும் விடையை 13.8 வோல்ட்டால் மீண்டும் வகுத்தால் தேவையான ஆம்பியர் கிடைக்கும். ஆம்ப்பின் சர்க்யூட் வகையைப் பொறுத்து இது மாறும்; கிளாஸ் டி ஆம்ப்பின் திறன் ஏறத்தாழ 80 விழுக்காடு என்றும், கிளாஸ் ஏபி ஆம்ப்பின் திறன் 55 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 1000 வாட் கிளாஸ் டி ஆம்ப் முழு வீச்சில் 90 ஆம்பியர் எடுக்கும். அதே 1000 வாட்டைத் தர கிளாஸ் ஏபி ஆம்ப் 130 ஆம்பியருக்கும் மேல் எடுக்கும். பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு கிளாஸ் டி ஆம்ப்பையே நான் பரிந்துரைப்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

பாடல் என்பது இடைவிடாத ஒற்றை ஒலி அல்ல. அடிக்கும் கணத்தில் 90 ஆம்பியர் வரை எழுந்தாலும், சராசரித் தேவை பொதுவாக அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். பேஸ் மிகுந்த பாடல்களை முழுச் சத்தத்தில் கேட்பவர்கள் பாதி என்று கொள்வது பாதுகாப்பானது. சராசரித் தேவையை ஆல்டர்நேட்டர் ஈடுகட்ட வேண்டும், உச்சத்தை பேட்டரி தாங்க வேண்டும். இந்தப் பிரிவினை பிடிபட்டுவிட்டால் மற்றவை எளிது.

இனி வண்டியின் சொந்தச் செலவு. எரிபொருள் பம்ப், இக்னிஷன், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு, ஏசி புளோயர், ரேடியேட்டர் விசிறி, 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு ஆகிய அனைத்தும் ஓடும்போது சிறிய ஹேட்ச்பேக் வண்டியே 35 ஆம்பியர் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். ஆடியோவின் சராசரியான 30 ஆம்பியரையும் சேர்த்தால் மொத்தத் தேவை 65 ஆம்பியர். 75 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் இருக்கும்போது இது தாராளம் என்றுதான் தோன்றும்.

படி 2: ஆல்டர்நேட்டர் உண்மையில் தருவதை அளங்கள்

அந்த 75 ஆம்பியர் என்பது ஆல்டர்நேட்டர் நிமிடத்துக்கு 6000 சுற்று அளவில் சுழலும்போது, குளிர்ந்த நிலையில் கிடைக்கும் எண். எஞ்சின் ஐட்லிங்கில் 800 சுற்றில் ஓடும்போது, புல்லி விகிதத்தின்படி ஆல்டர்நேட்டர் 2000 முதல் 2400 சுற்று வரைதான் சுழலும். பானட்டுக்குள் வெப்பமும் ஏறியிருந்தால் கையில் கிடைப்பது ஏறத்தாழ பாதிதான். 40 ஆம்பியர் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் 25 ஆம்பியர் பற்றாக்குறை. மாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் பேட்டரியிலிருந்து 12 ஏஎச்சுக்கு (ஆம்பியர்-மணி) மேல் போய்விடும், அதாவது 35 ஏஎச் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. நெடுஞ்சாலையில் ஒரு குறையும் தெரியாத வண்டி நகரத்துக்குள் பேட்டரியைத் தின்பதற்குக் காரணம் இதுதான்.

அளப்பதற்கு ஒரு மல்டிமீட்டரும் டிசி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் வேண்டும். வீட்டு வயரிங்குக்கு விற்கப்படும் மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பலவும் மாறுதிசை மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும் என்பதால் வாங்கும்போது கவனியுங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஏசியையும் விளக்குகளையும் போட்டு, வழக்கமான சத்தத்தில் பாடலை ஓடவிட்டு, பேட்டரி முனைகளிலும் ஆம்ப்பின் முனைகளிலும் வோல்ட்டைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆல்டர்நேட்டரிலிருந்து வெளியே வரும் தடித்த வயரில் கிளாம்ப்பை மாட்டினால் அது தரும் ஆம்பியரும் தெரிந்துவிடும்.

பேட்டரியில் 13.5 வோல்ட்டுக்கு மேல் நின்று, ஆம்ப்பில் மட்டும் 12.5 காட்டினால் குற்றம் கேபிளிலோ எர்த்திலோ இருக்கிறது. புதிய ஆல்டர்நேட்டருக்குச் செலவழிக்கத் தேவையே இல்லை. ஐட்லிங்கில் பேட்டரி 12.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, எஞ்சினை 2000 சுற்றுக்கு ஏற்றியதும் 14 வோல்ட்டை நெருங்கினால், ஐட்லிங் உற்பத்திதான் போதவில்லை. 2000 சுற்றிலும் ஏறவில்லை என்றால் பெல்ட் வழுக்குகிறதா, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, டயோடு போயிருக்கிறதா என்று ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டிய பிறகே அதன் கொள்ளளவைச் சந்தேகிக்க வேண்டும்.

படி 3: முதலில் கேபிள்

செலவு குறைவாகவும் பலன் உடனடியாகவும் கிடைப்பது இந்தப் படியில்தான். ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கும், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், எஞ்சின் பிளாக்கிலிருந்து பாடிக்கும் ஏற்கெனவே இருக்கும் வயர்களை அப்படியே விட்டுவிட்டு, அவற்றோடு கூடுதலாகத் தடித்த தாமிரக் கேபிள்களைச் சேர்க்க வேண்டும். ஆல்டர்நேட்டர் கேபிளுக்கும் தனி ஃபியூஸ் கட்டாயம்.

டிக்கியில் இருக்கும் ஆம்ப்புக்கு 5 மீட்டர் நீளத்தில் 4 கேஜ் (ஏறத்தாழ 21 சதுர மில்லிமீட்டர்) தாமிரக் கேபிள் போட்டால், 100 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு கேபிளிலேயே 0.4 வோல்ட் தொலைகிறது. 50 சதுர மில்லிமீட்டர் கேபிளில் அது 0.2 வோல்ட்டுக்கும் கீழ். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய கேபிள்கள் பார்வைக்குத் தடிமனாக இருந்தாலும் கடத்துதிறனில் தாமிரத்தின் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டுவதில்லை. பேட்டரியிலிருந்து 45 செண்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இல்லாமல் எந்த பாசிட்டிவ் கேபிளையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். இரும்புத் தகட்டில் உரசி உறை கிழிந்தால் தீப்பிடிக்க ஒரு நொடி போதும்.

கடைகளில் இந்த இடத்தில்தான் மின்சாரத்தைச் சிறிதளவு சேமித்து உடனே தரும் 1 ஃபேரட் கொள்ளளவுள்ள கெப்பாசிட்டரை எடுத்து நீட்டுவார்கள். வோல்ட் 14-லிருந்து 13-க்கு இறங்கும்போது அது தருவது 13.5 ஜூல். நம் 1000 வாட் ஆம்ப் நொடிக்கு 1250 ஜூல் எடுக்கிறது. ஆக, அந்த உதவி நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான். அந்தப் பணத்தைக் கேபிளில் போடுங்கள்.

படி 4: ஆல்டர்நேட்டர்

விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு எண்ணைத்தான்: சூடான நிலையில், ஐட்லிங்கில் எத்தனை ஆம்பியர்? 160 என்று எழுதி ஐட்லிங்கில் 60 தருவதைக் காட்டிலும், 120 என்று எழுதி ஐட்லிங்கில் 75 தருவதையே நகரவாசி வாங்க வேண்டும். அதே எஞ்சின் குடும்பத்தின் உயர்ரக மாடலில் பெரிய ஆல்டர்நேட்டர் வந்திருந்தால், தாங்கியும் பெல்ட் வரிசையும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து அதை மாட்டுவதே தொடக்கநிலையாளருக்கு நல்ல வழி. பழைய ஆல்டர்நேட்டருக்கே தடித்த காயில் கட்டித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. டயோடுகளையும் குளிர்விக்கும் ஏற்பாட்டையும் மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் டயோடுகள் வெந்துபோகும்.

இந்த மின்சாரம் எஞ்சினிலிருந்துதான் வருகிறது. 14 வோல்ட்டில் 150 ஆம்பியர் என்பது 2100 வாட். ஆல்டர்நேட்டரின் திறன் 60 விழுக்காடு என்றால் எஞ்சின் 3500 வாட், அதாவது நாலரைக் குதிரைத்திறனுக்கு மேல் கொடுக்க வேண்டும். சிறிய எஞ்சினில் ஐட்லிங் தடுமாறுவதும் பெல்ட் கிறீச்சிடுவதும் இதனால்தான்.

மாருதி சுசூகியின் எஸ்ஹெச்விஎஸ் வண்டிகளில் ஆல்டர்நேட்டரின் இடத்தில் செல்ஃபும் சார்ஜிங்கும் ஒன்றாக இணைந்த இயந்திரம் இருக்கிறது. அதை மாற்றும் எண்ணமே வேண்டாம். பேட்டரி நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில், ஆம்ப்பின் எர்த்தை அந்த முனையில் மாட்டாமல் பாடியில் மாட்டுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஆம்ப் எடுக்கும் மின்னோட்டம் சென்சாரின் கணக்கில் சேராது, வண்டியும் சார்ஜிங்கைத் தவறாகக் கட்டுப்படுத்தும்.

படி 5: பேட்டரி

பேட்டரியில் ஏஎச்சைவிட உள்தடை முக்கியம். உள்தடை குறைவாக இருந்தால்தான் உச்சத்தில் வோல்ட் சரியாது. சாதாரண டிஸ்டில்ட் வாட்டர் பேட்டரியைவிட, அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சி வைத்து மூடப்பட்ட ஏஜிஎம் பேட்டரி இதில் தேர்ந்தது, அடிக்கடி இறங்கி ஏறுவதையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் பானட்டின் வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும். எனவே முன்னால் வழக்கமான பேட்டரியை வைத்து, டிக்கியில் ஆம்ப்பின் அருகே ஏஜிஎம் ஒன்றை இறுகக் கட்டி, இரண்டுக்கும் இடையே, எஞ்சின் அணைந்ததும் அவற்றைப் பிரித்துவிடும் ஐசோலேட்டர் ரிலேயும் கேபிளின் இரு முனைகளிலும் ஃபியூஸும் வைப்பது என் விருப்பம். தண்ணீர் ஊற்றும் வகையை வண்டிக்குள் வைக்கவே கூடாது; சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் எடை குறைந்தவை, வோல்ட்டைக் கடைசிவரை பிடித்து நிற்பவை. ஆயினும் அவற்றின் சார்ஜிங் அளவு வேறு, வெப்பம் ஆகாது, பாதுகாப்புச் சர்க்யூட் திடீரென்று துண்டித்துவிடவும் கூடும். முதல் முயற்சியில் அவை வேண்டாம் என்பேன்.

எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்பவர்களுக்கு மட்டும் ஏஎச் கணக்கு முக்கியம். 35 ஏஎச் என்பது 1.75 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுக்கும்போது கிடைப்பது. 30 ஆம்பியர் எடுத்தால் அவ்வளவு கிடைக்காது. பாதிக்கு மேல் இறக்கவும் கூடாது என்பதால் அரை மணி நேரத்துக்குள்ளாகவே நிறுத்திவிடுங்கள்.

படி 6: மாட்டிய பின் சோதனை

படி 2-இல் எடுத்த அளவுகளை அதே நிலைமையில் மீண்டும் எடுத்து, பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். பிறகு வண்டியைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்து, நெகட்டிவ் கேபிளில் கிளாம்ப்பை வைத்துப் பாருங்கள். கசிவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அவ்வளவு சிறிய அளவை உங்கள் கிளாம்ப் காட்டாவிட்டால் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து அளக்கலாம், ஆனால் அது இணைந்திருக்கும்போது எஞ்சினை இயக்கக் கூடாது. ஒரு ஆம்பியர் அளவில் ஓடிக்கொண்டிருந்தால், ஆம்ப்பை ஆன் செய்யும் ரிமோட் வயரைச் சாவிக்குக் கட்டுப்படாத இணைப்பில் மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அப்படியே விட்டால் 35 ஏஎச் பேட்டரி ஒன்றரை நாளில் காலியாகிவிடும்.