முதல் பசுமைக்குடில்: செட்டிநாட்டு வெயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி மாதத்து மத்தியானம். 20-க்கு 30 அடியில், பிளாஸ்டிக் ஷீட் போர்த்திப் புதிதாகக் கட்டி முடித்த பசுமைக்குடிலுக்குள் வெப்பமானியைத் தொங்கவிட்டேன். வெளியே 38 டிகிரி, உள்ளே 49. வாசலில் நின்று எட்டிப் பார்த்த அப்பத்தா, "என்னடா தம்பி, நெல்லு அவிக்கவா கட்டியிருக்கே?" என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்துவிட்டேன். மூன்றாம் நாள் குடைமிளகாய் நாற்று அத்தனையும் தலை சாய்ந்தபோது சிரிப்பு வரவில்லை.

தவறு பிளாஸ்டிக்கில் இல்லை, என் யோசனையில். பசுமைக்குடில் என்பது குளிர் தேசத்துக்காரர்கள் சூட்டைப் பிடித்து வைக்கக் கண்டுபிடித்த ஏற்பாடு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சூட்டுக்கு என்ன பஞ்சம்? நமக்கு வேண்டியது வெயிலைக் குறைப்பது, அடைமழையைத் தடுப்பது, பூச்சியை வெளியே நிறுத்துவது. இந்த மூன்றில் எது உங்களுக்கு அவசியம் என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் கையில் இருப்பதுதான் உங்கள் தலையில் விழும். வீட்டுக் கொல்லையில் கீரை, கொத்தமல்லி, நாற்று என்று ஆரம்பிப்பவருக்கு நிழல்வலையே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையக் கூடாத பயிர் என்றால் மட்டும் மேலே பாலித்தீன் போடலாம். அதுவும் 200 மைக்ரான் தடிமனில், புறஊதாக் கதிரைத் தாங்கும் ரகமாக இருக்கட்டும். சாதாரணத் தார்ப்பாய் ஒரு கோடைக்குள் அப்பளமாக நொறுங்கும்.

நிழல்வலையிலும் ஒரு சறுக்கல் உண்டு. "வெயில் ஜாஸ்தி, அதனால் 75 சதவீத வலை" என்று நினைப்போம். அந்த எண் வலை மறைக்கும் வெளிச்சத்தின் அளவு. ஆர்க்கிட், ஆந்தூரியம் போன்றவற்றுக்கு 75 சரி. கீரைக்கு 50. தக்காளி, மிளகாய்க்கு 35-க்கு மேல் போனால் செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக வளரும், காய் இருக்காது.

அடுத்தது காற்று. நான் செய்த பெரிய முட்டாள்தனம் கூரையை 7 அடியில் முடித்தது. குழாய்ச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டேன். சூடான காற்று மேலே ஏறும். ஏறிப் போக வழியில்லை என்றால் செடியின் தலைமேலேயே உட்கார்ந்துகொள்ளும். இதைப் படிக்க நான் எங்கேயும் போயிருக்க வேண்டாம். நம் பழைய வீடுகளின் உயரமான கூரையையும், நடுவில் வானம் பார்த்துத் திறந்து கிடக்கும் முற்றத்தையும் பார்த்திருந்தால் போதும். கூரையை 12 அடிக்கு உயர்த்தி, உச்சியில் திறப்பு விட்டு, பக்கவாட்டில் பாலித்தீனைச் சுருட்டி ஏற்றுகிற மாதிரி மாற்றிய பிறகுதான் உள்ளே நிற்க முடிந்தது. பூச்சிவலை கட்டினால் காற்று இன்னும் குறையும், அதையும் சேர்த்துத் திறப்பைப் பெரிதாக வையுங்கள். விசிறியும் ஈரத்தட்டியும் வைத்துக் குளிரூட்டுவதை முதல் குடிலுக்கு நான் சொல்லமாட்டேன். காற்று வறண்டிருக்கும்போதுதான் அது குளிர்விக்கும். அடைத்த குடிலில் மத்தியானம் கரண்ட் போனால், திரும்பி வருவதற்குள் செடி வெந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். ஆனால் என் கொல்லையில் இருப்பது உப்புத் தண்ணீர் வரும் போர்வெல். தண்ணீரைப் பனி மாதிரித் தூவ ஆசைப்பட்டு மாட்டிய பனித்தூவல் முனைகள் மூன்றே வாரத்தில் ஒவ்வொன்றாக அடைத்தன. கழற்றிப் பார்த்தால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே வெள்ளைப் படிவு. இலைகளிலும் சுண்ணாம்பு தெளித்த மாதிரி புள்ளி. குழாய் வாங்கும் முன் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். உப்பு அதிகம் என்றால் மழைநீரைச் சேருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர். 1000 சதுர அடி ஓட்டுக்கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் கணக்குக்கு 4,600 லிட்டர். சிந்தியது போனாலும் நாற்றுக்குத் தாராளம். முற்றத்தில் அண்டா வைத்துக் கூரைத் தண்ணீரைப் பிடித்த ஊர் இது, அதை மறந்துவிட்டு நான் வடிகட்டிக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். மண்ணுக்குப் பதில் செடிப் பையில் நிரப்பும் தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசாமல் பையில் நிரப்பாதீர்கள்.

கம்பத்துக்கு மரம் வேண்டாம், கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் நல்லது. ஆனால் வெட்டிய முனையிலும் வெல்டிங் வைத்த இடத்திலும் பூச்சு போய்விடும், அங்கே துத்தநாகப் பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள். (உலோக அரிப்பை ஆராய்ச்சி செய்யும் மத்திய நிறுவனத்தை ஊரிலேயே வைத்துக்கொண்டு துருப்பிடித்த குழாயோடு நான் நின்றதை நண்பர்கள் இன்னும் விடவில்லை.) குழாய் பாலித்தீனைத் தொடும் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட். சுடுகிற இரும்பு பட்ட இடத்தில்தான் ஷீட் முதலில் கிழியும். சரளை மண்தானே, இறுகப் பிடிக்கும் என்று குழாயை வெறுமனே அடித்து இறக்காமல் 2 அடி தோண்டி கான்கிரீட் போடுங்கள். ஆடிக்காற்றுக்கு எந்தக் கயிறும் தாங்காது. அலுமினியச் சட்டமும், அதன் பள்ளத்தில் ஷீட்டோடு சேர்த்து அழுத்திச் செருகும் நெளிகம்பியான ஜிக்ஜாக் ஸ்பிரிங்கும்தான் ஷீட்டைப் பிடித்து வைக்கும்.

மானியம் வாங்குகிற எண்ணம் இருந்தால் குழி தோண்டும் முன்பே தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கட்டி முடித்த பிறகு போய் நிற்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பூச்சிவலைக்குள் பாகலும் புடலையும் போட்டேன். கொடி பந்தலை மூடியது, மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளியது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. வெள்ளை ஈயைத் தடுத்த வலை தேனீயையும் தடுத்துவிட்டது. வலைக்குள் வைப்பதென்றால் தக்காளி, குடைமிளகாய் மாதிரி தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, அல்லது மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகம். பாகல்தான் வேண்டும் என்றால் காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வைக்க வேண்டும். அது தெரியும் வரை, அந்த வருடம் எங்கள் வீட்டுப் பாகற்காய்க் குழம்புக்குக் காய் வந்தது வலைக்கு வெளியே, முள்வேலியில் தானாக முளைத்த கொடியிலிருந்து.