ஸ்பூன், டம்ளர், மில்லி: உங்கள் வீட்டு அளவை நீங்களே பிடியுங்கள்

வண்ணாரப்பேட்டை பாத்திரக் கடையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு எவர்சில்வர் டம்ளரில் ஒன்று 150 மில்லி பிடிக்கும், இன்னொன்று 200 பிடிக்கும். அதனால் ‘ஒரு டம்ளர்’ என்பதற்கு ஊருக்கெல்லாம் பொதுவான மில்லி கணக்கு கிடையாது. வீட்டில் உள்ளதை ஒருமுறை அளந்து, எண்ணை அலமாரிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மெடிக்கலில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரை உறிஞ்சி, நுனியை மேலே நிமிர்த்தித் தட்டி, காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். கறுப்பு ரப்பரின் முன்விளிம்பு 10-ல் நிற்க வேண்டும். ஸ்பூனை ஆடாமல் சமமாக வைத்து, விளிம்பு வரை மெதுவாக விடுங்கள். தண்ணீர் விளிம்புக்கு மேலே புடைத்து நிற்கும்வரை விட்டால் கணக்கு கூடிவிடும். அதற்கு முன்பே நிறுத்துங்கள். சிரிஞ்சில் குறைந்ததுதான் உங்கள் ஸ்பூனின் அளவு. டம்ளருக்குச் சமையல் தராசு போதும்: தண்ணீர் 1 கிராம் என்றால் 1 மில்லி.

சமையல் குறிப்புகளில் டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15. ஆஸ்திரேலியக் குறிப்பாக இருந்தால் டேபிள்ஸ்பூன் 20. கப் 240 அல்லது 250. அரிசியும் தண்ணீரும் ஒரே டம்ளரில் அளந்தால் இதெல்லாம் தேவையே இல்லை, விகிதம் மாறாது. கேக் மாதிரி முட்டையும் கிராமும் கலந்து வரும் இடத்தில்தான் கப் அளவு காலை வாரிவிடும்.

எண்ணெயில் தண்ணீர்க் கணக்கு செல்லாது. 1 லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். பிரியாணி மாஸ்டர் 200 கிராம் எண்ணெய் என்று சொன்னால், சுமார் 220 மில்லி ஊற்ற வேண்டும்.

மருந்துக்கு மட்டும் சமையலறை ஸ்பூனைத் தொடவே தொடாதீர்கள். மருந்துக்கென்று தனி சிரிஞ்ச் வையுங்கள். பாலாடையில் ஊற்றினால் சிரப் அடியில் ஒட்டி நின்றுவிடும். சிரிஞ்சிலிருந்தே கன்னத்தின் உள்பக்கமாகச் சிறிது சிறிதாக விடுங்கள். இன்னொன்று, மில்லியும் மில்லிகிராமும் வேறு வேறு. பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வகை உண்டு. சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அது முதல் வகை சிரப்பைப்போல் நான்கு மடங்கு. பாட்டில் மாறினால் பழைய மில்லி அளவைக் கொடுக்காமல், லேபிளைக் காட்டி மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ புது அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.