டர்போ வண்டி ரெவ் ஏறினால் மிஸ்ஸிங் அடிக்கிறதா? சோதனையில் நடக்கும் தவறுகள்

மதுரையில் கோரிப்பாளையம், சிம்மக்கல் நெரிசலில் ஊர்ந்து போகும்வரை ஒரு குறையும் தெரியாது. ரிங் ரோட்டில் ஏறி மிதித்தால் 4,500 ஆர்.பி.எம். தாண்டியதும் வண்டி படபடவென்று வெட்டும், இழுவை விழும், செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரியும். டர்போ பெட்ரோல் வண்டிகளிலும், பழைய சூப்பர்சார்ஜர் வண்டிகளிலும் அடிக்கடி வரும் ‘மிஸ்ஸிங்’ புகார் இது; சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். குறை பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். அதைத் தேடும் முறை தவறினால் காயில், இன்ஜெக்டர், பம்ப் என்று வரிசையாக மாற்றி பில்தான் ஏறும்.

பட்டறையில் நிறுத்தி நியூட்ரலில் முறுக்கிப் பார்ப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. லோடு இல்லாதபோது திராட்டில் லேசாகத்தான் திறக்கும், பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறாது, சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு. அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். நியூட்ரலில் 5,000 வரை சுத்தமாகச் சுழலும் இன்ஜின் ரோட்டில் திணறுவது அதனால்தான். காலையில் குளிர்ந்த இன்ஜினில் பார்ப்பதும் வீண். பல காயில்கள் நன்றாகச் சூடேறிய பிறகே மக்கர் பண்ணும்.

ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில், ஒருவர் ஓட்ட இன்னொருவர் ஸ்கேனரைப் பார்க்க, இரண்டு ஓட்டம் போதும். முதலில் செகண்ட் கியரில் 2,000-இலிருந்து சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்வரை முழு மிதி. பிறகு நான்காம் கியரில் 2,500 அளவில் முழு மிதி. இதில் ரெவ் குறைவு, பூஸ்ட் அதிகம். இரண்டாவது ஓட்டத்திலும் வெட்டினால் பொறி அழுத்தத்திடம் தோற்கிறது என்று பிளக்கையும் காயிலையும் சந்தேகியுங்கள். நான்காம் கியரில் நன்றாக இழுத்து, ரெவ் உச்சத்தில் மட்டும் வெட்டினால் எரிபொருள் வரத்து, வால்வு ஸ்பிரிங் பக்கமும் பார்க்க வேண்டும். 1,000 ஆர்.பி.எம்.-இல் நான்கு ஸ்ட்ரோக்கும் (கிராங்க் இரண்டு முறை சுற்றி) முடிய 120 மில்லி செகண்ட் கிடைக்கும். 6,000-இல் கிடைப்பது வெறும் 20. இன்ஜெக்டர் அதற்குள்தான் கூடுதல் பெட்ரோலையும் தெளித்து முடிக்க வேண்டும்.

அதிகம் பணத்தைத் தின்னும் தவறு, ‘லீன்’ (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்று ஸ்கேனர் காட்டியதும் பம்ப்பை மாற்றுவது. பொறி தவறினால் எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் சைலென்சர் பக்கம் போய்விடும். ஆக்சிஜன் சென்சார் ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்கும். அதிலிருந்து பெட்ரோல் போதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதாவது, மிஸ்ஸிங்கால் லீன் காட்டியிருக்கலாம், லீனால் மிஸ்ஸிங் வந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. எது முந்தியது என்று கண்டுபிடிக்க, இன்ஜின் கம்ப்யூட்டர் (ஈ.சி.யு.) கேட்ட ரெயில் அழுத்தம் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயின் அழுத்தம்), உண்மையில் கிடைத்த ரெயில் அழுத்தம், பூஸ்ட், ஆர்.பி.எம்., மிஸ்ஃபயர் (மிஸ்ஸிங்) எண்ணிக்கை ஆகிய ஐந்தை மட்டும் பதிவு செய்யுங்கள். இருபது அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கேனர் மெதுவாகி முக்கியமான நொடி தவறிவிடும். கேட்டதும் கிடைத்ததும் சேர்ந்தே ஏறும்போது வெட்டினால் பம்ப்பைத் தொடாதீர்கள். அழுத்தம் முதலில் சரிந்து பிறகு வெட்டினால் ஃபில்டரும் பம்ப்பும்தான் அடுத்த இடம். மேனிஃபோல்டிலிருந்து பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டருக்கு ஹோஸ் போகும் பழைய வகையில், 3 பாரில் இருக்கும் ரெயில் 0.7 பார் பூஸ்டுக்கு 3.7-ஆக உயர வேண்டும். அந்தச் சின்ன ஹோஸ் வெடித்திருந்தாலே உயராது.

‘புது பிளக்தான் சார்’ என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். அதே திரெட் இருக்கிறது என்பதற்காக டர்போ இல்லாத மாடலின் பிளக் ஏறியிருக்கலாம். அதில் இடைவெளி 1.0, 1.1 மி.மீ. வரை இருக்கும். டர்போ இன்ஜின்களுக்குப் பொதுவாக 0.7, 0.8 மி.மீ.; சரியான அளவு வண்டியின் மேனுவலில் இருக்கிறது. இரிடியம் பிளக்கைக் காசு வடிவ கேஜால் அளந்தால் மெல்லிய முனை உடையும். கம்பி கேஜ் வையுங்கள், வெளிமுனையை மட்டும் வளையுங்கள். ரீமேப் செய்து (ஈ.சி.யு. மென்பொருளை மாற்றி) பூஸ்ட் ஏற்றிய வண்டிக்கு ஒரு படி ‘கோல்டு’ (சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும்) பிளக் தேவைப்படலாம். என்.ஜி.கே., டென்சோவில் எண் கூடினால் கோல்டு, பாஷில் எண் குறைந்தால் கோல்டு. மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்கட்டும். அலுமினிய ஹெட்டில் வாஷருள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.-க்கு 15 முதல் 20.

கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். உலோகத்துக்கு மேலே பழுப்பு நிற வளையம் இருந்தால் பயப்பட வேண்டாம், அது சாதாரணக் கறை. பென்சிலால் கீறியதுபோல மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால், மின்சாரம் முனைக்குப் போகாமல் அந்த வழியாக பாடிக்கு ஓடியிருக்கிறது. அதே கோடு, பிளக்கை மூடும் காயிலின் ரப்பர் உறையான ‘பூட்’டுக்குள்ளும் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றி பூட்டை விட்டால் புது பீங்கானிலும் கோடு விழும், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். வாட்டர் சர்வீஸில் இன்ஜின்மேல் பீய்ச்சிய தண்ணீர் பிளக் குழியில் நிற்பதும், வால்வு கவர் கேஸ்கெட்டில் கசியும் ஆயில் பூட்டை ஊறவைப்பதும் இதைக் கிளப்பும்.

காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றையும் ஒரே மூச்சில் இடம் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. ஸ்கேனரில் பி0302 (இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர்) வந்தால் இரண்டாம் காயிலை மட்டும் மூன்றுக்கு மாற்றி ஓட்டுங்கள். அந்தக் குறியீடு பி0303 ஆனால் காயில்தான். இல்லையென்றால் அடுத்து பிளக். பி0300 (எந்த சிலிண்டர் என்று சொல்லாத மிஸ்ஃபயர்) மட்டும் வந்து எல்லா சிலிண்டரிலும் எண்ணிக்கை ஏறினால் எர்த், ரெயில் அழுத்தம், கிராங்க் சென்சார் என்று பொதுவானதைத் தேடுங்கள். ஓடும் இன்ஜினில் காயிலை உருவிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம்; எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். விளக்கு விட்டு விட்டு எரியும்போது மிதியைக் குறைக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

எடுத்த எடுப்பில் ‘டீகார்ப் பண்ணிருங்க’ (கரியைச் சுத்தம் செய்துவிடுங்கள்) என்பார்கள். சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் தெளிக்கும் நேரடி ஊசி இன்ஜின்களில் இன்டேக் வால்வில் கரி படிவது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் காலை ஸ்டார்ட்டிலும் ஐட்லிலும்தான் முதலில் முகம் காட்டும்.

வெட்டுவதெல்லாம் மிஸ்ஸிங்கும் அல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சுவரில் முட்டியதுபோல நின்று, மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஏறாமலிருந்தால் பூஸ்ட் வரம்பு மீறி ஈ.சி.யு. தானே வெட்டுகிறது. பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் ஹோஸ் கழன்றிருக்கிறதா பாருங்கள். எண்ணிக்கை ஏறியும் பொறி, பெட்ரோல், கம்ப்ரஷன் மூன்றும் சரியாக இருந்தால் வால்வு ஸ்பிரிங் மிச்சம். செல்ஃப் வேகத்தில் எடுக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் அதைக் காட்டிக்கொடுக்காது; ஸ்பிரிங்கைக் கழற்றி நீளத்தையும் அழுத்த விசையையும் அளந்தால்தான் உண்டு.