பிள்ளைக்கு மனசு, நடத்தை, படிப்புல பிரச்சினையா? சென்னையில கவர்மென்ட் உதவிய அலைச்சல் கம்மியா வாங்குறது எப்படி

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கோங்க, இது ஒரே ஆபீஸ்ல முடியற வேலை இல்ல. டாக்டர், மாத்திரை, தெரபி எல்லாம் சுகாதாரத்துறை. ஸ்கூல்ல சலுகை, ஸ்பெஷல் டீச்சர்னா பள்ளிக்கல்வித்துறை. சர்டிபிகேட், மாசாமாசம் உதவித்தொகைன்னா மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. வீட்லயோ வெளியிலயோ பிள்ளைக்கு ஆபத்து, பாத்துக்க ஆள் இல்லன்னா முன்னாடி சமூகப் பாதுகாப்புத்துறைன்னு இருந்த குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறைக்குக் கீழ வர்ற மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. நாலு பேரும் அவங்கவங்க வேலைய பாக்குறாங்க, சில இடத்துல ரொம்ப நல்லாவே பாக்குறாங்க, ஆனா எக்மோர்ல டாக்டர் எழுதினது உங்க ஸ்கூல் ஹெச்எம்முக்கு தானா போய்ச் சேராது, ஸ்கூல்ல மிஸ் சொன்னது டாக்டருக்கு தெரியாது. ஒருங்கிணைப்பு ஒருங்கிணைப்புன்னு ஜி.ஓ.ல நிறைய எழுதியிருப்பாங்க, நடைமுறையில அந்த ஒருங்கிணைப்பு உங்க கையில இருக்கிற ஃபைல்தான். அதனால எங்க போகணும்ங்கறத விட எந்த பேப்பர எங்க வாங்கி எங்க குடுக்கணும்ங்கறதுதான் இங்க முக்கியம்.

எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னா, அது பிள்ளையோட வயச பொறுத்தது. பால்வாடி போற வயசு, இன்னும் பேச்சு வரல, கூப்பிட்டா திரும்பல, கண்ண பாக்கல, இருந்த பேச்சும் நின்னுபோச்சு, இந்த மாதிரின்னா காத்திருக்கவே காத்திருக்காதீங்க. "அவங்க தாத்தா கூட அஞ்சு வயசுலதான் பேசினாரு" னு வீட்ல ஒரு பெரியவங்க கண்டிப்பா சொல்லுவாங்க, அவங்க சொல்றத கேட்டுக்கிட்டே கிளம்பிடுங்க. தாயத்து கட்டணும் மந்திரிக்கணும்னா அதையும் பண்ணுங்க, யாரும் தடுக்கல, ஆனா ஓபி நாளை விடாதீங்க. 2013ல ஆரம்பிச்ச ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம், அதான் ஆர்பிஎஸ்கே, அதுல பிறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும் பசங்கள செக் பண்ணணும், அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை, கவர்மென்ட் ஸ்கூலுக்கு ஒரு தடவை மெடிக்கல் டீம் வரணும்னு இருக்கு. வளர்ச்சி தாமதமும் அவங்க பாக்க வேண்டிய லிஸ்ட்ல உண்டு. டீம் வர்ற நாள் எதுன்னு டீச்சர்கிட்ட கேட்டு வெச்சுக்கிட்டு அன்னைக்கு நீங்களும் போய் நில்லுங்க, ஏன்னா அத்தனை பசங்கள பாக்குற அவசரத்துல உங்க பிள்ளை அமைதியா உட்கார்ந்திருந்தா "நார்மல்" னு போட்டுட்டு போயிடுவாங்க. அவங்க குடுக்கற ரெஃபரல் சீட்டு இருந்தா மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு, டிஇஐசின்னு சொல்லுவாங்க, நேரா போகலாம். சீட்டு இல்லன்னாலும் எக்மோர் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு போய் ஓபி சீட்டு போட்டு உள்ள கேட்டீங்கன்னா வழி சொல்லுவாங்க.

கொஞ்சம் பெரிய பசங்க, அதாவது ஸ்கூல்ல அடங்க மாட்டேங்குறான், எழுத்து தலைகீழா வருது, திடீர்னு ஸ்கூலுக்கே போக மாட்டேங்குறா, தூக்கம் இல்ல, கையில பிளேடால கீறிக்கிறா, ஹான்ஸ் கஞ்சான்னு போயிட்டான், இதெல்லாம் மனநல டாக்டர் பாக்க வேண்டியது. ஜிஹெச், ஸ்டான்லி, கேஎம்சின்னு எல்லா கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு, காசு கிடையாது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், 1794ல இருந்து இருக்கு, அங்க சின்னப் பசங்களுக்குன்னே தனியா பாக்குறாங்க. "கீழ்ப்பாக்கம்" னு சொன்னாலே நம்ம ஊர்ல சிரிப்பாங்க, சொந்தக்காரங்களுக்கு தெரிஞ்சா பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காதுன்னு பயப்படுவாங்க. அந்த பேரு உறுத்துச்சுன்னா பக்கத்துல இருக்கிற மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில ஆரம்பிங்க, அங்க போறத யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க. ஈசிஆர் பக்கம் இருக்கிறவங்களுக்கு முட்டுக்காட்டுல இருக்கிற மத்திய அரசோட நிப்மெட் நல்ல இடம், ஒண்ணுக்கு மேல குறைபாடு இருக்கிற பசங்களுக்கு அசெஸ்மென்ட், தெரபி, பெத்தவங்களுக்கு டிரெயினிங் எல்லாம் ஒரே வளாகத்துல நடக்குது. வடசென்னையில இருந்து தினம் தெரபிக்கு அங்க போறது நடக்கற காரியம் இல்ல, அசெஸ்மென்ட்ட அங்க முடிச்சுட்டு தெரபிய வீட்டுக்கு பக்கத்துல தேடுங்க.

ராத்திரில அவசரம், பிள்ளை சாகப்போறேன்னு சொல்றான், என்ன பண்றதுன்னு கை கால் ஓடலன்னா 14416. டெலி மானஸ், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் ஓடுது, தமிழ்லயே பேசலாம், நம்ம மாநிலத்துல "நட்புடன் உங்களோடு மனநல சேவை" ங்கற பேர்ல நடத்துறாங்க. பிள்ளையே நேரா பேசலாம், நீங்களும் பேசலாம். ஏதாவது முழுங்கிட்டான், ரத்தம் வருதுன்னா இந்த நம்பர் இல்ல, 108 தான். போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்துக்கிட்டு வீட்லயே உப்புத்தண்ணி குடுத்து வெச்சிருக்கிறவங்க இன்னும் இருக்காங்க, தயவு செஞ்சு வேணாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 115வது பிரிவுல, தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்ததாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கு.

இப்ப ஃபைலுக்கு வருவோம், என்னை கேட்டா மொத்த விஷயத்துல பாதி இதுதான். ஒரு நல்ல கெட்டி ஃபைல் வாங்குங்க, ஓபி நோட்டு, ரெஃபரல் சீட்டு, ஐக்யூ டெஸ்ட் ரிப்போர்ட், தடுப்பூசி கார்டு, ஆதார், ரேஷன் கார்டு, ஸ்கூல் மார்க் ஷீட் எல்லாம் தேதி வாரியா வைங்க. ஒரிஜினல யாருக்கும் குடுக்காதீங்க, ஜெராக்ஸ் மட்டும். முதல் பக்கத்துல நீங்களே தமிழ்ல ஒரு பக்கம் எழுதி வைங்க, பிரசவம் எப்படி நடந்துச்சு, எப்ப நடந்தான், எப்ப பேசினான், பிரச்சினை எப்ப ஆரம்பிச்சுது, என்ன மாத்திரை எவ்ளோ நாளா, அது சாப்பிட்டப்போ என்ன ஆச்சு. ஓபில டாக்டர் மாறிக்கிட்டே இருப்பாங்க, இன்னைக்கு பிஜி டாக்டர் ஒருத்தர், அடுத்த தடவை வேற ஒருத்தர், ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்ல இருந்து கதை சொல்லி உங்களுக்கே அலுத்துப்போயிடும், அந்த ஒரு பக்கத்த நீட்டிட்டா ரெண்டு நிமிஷத்துல படிச்சுட்டு நேரா விஷயத்துக்கு வந்துடுவாங்க. பழைய ரெக்கார்டு காணோம்னா கேட்டு வாங்குங்க, மருத்துவப் பதிவேட்ட பாக்குற உரிமை அதே 2017 சட்டத்துல இருக்கு.

ஸ்கூலையும் டாக்டரையும் இணைக்கிற வேலைய ரெண்டு லெட்டர்ல முடிச்சிடலாம். ஒண்ணு, கிளாஸ் மிஸ்கிட்ட இருந்து டாக்டருக்கு. எவ்ளோ நேரம் உட்கார்றான், எந்த பீரியட்ல எழுந்து ஓடுறான், மத்த பசங்களோட எப்படி, எழுதறது எப்படி, இத நாலு வரி எழுதி கேளுங்க. ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிக்காம ஓவரா துறுதுறுன்னு இருக்கிற பிரச்சினை, இருக்கான்னு முடிவு பண்ண வீட்ல மட்டும் இருந்தா பத்தாது, ரெண்டு இடத்துலயாவது அந்த நடத்தை தெரியணும், அதனால ஸ்கூல் சொல்றது டாக்டருக்கு நிஜமாவே தேவை. ரெண்டாவது, டாக்டர்கிட்ட இருந்து ஹெச்எம்முக்கு. இதுல நோயோட பேரு கூட வேணாம், முன் பெஞ்சுல உட்கார வைங்க, நடுவுல ஒரு தடவை வெளிய போய்ட்டு வர விடுங்க, மதியம் மாத்திரை இருக்கு, போர்டுல எழுதறத காப்பி பண்ண கூடுதல் நேரம் குடுங்க, இப்படி என்ன செய்யணும்னு மட்டும் இருந்தா போதும். டாக்டருக்கு எழுத நேரம் இல்லன்னா அங்க இருக்கிற சோஷியல் ஒர்க்கரையோ சைக்காலஜிஸ்ட்டையோ கேளுங்க. பிள்ளையோட விஷயத்த ரகசியமா வெச்சுக்கறதும் சட்டத்துல இருக்கிற உரிமை, எல்லா டீச்சருக்கும் எல்லாமும் தெரிய வேண்டியதில்ல.

கவர்மென்ட் ஸ்கூல்னா சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக்கல்வித் திட்டம் மூலமா ஸ்பெஷல் எஜுகேட்டர், பிசியோதெரபிஸ்ட் வட்டார வள மையத்துல இருப்பாங்க, ஸ்கூலுக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்குடுக்கறதும் உண்டு. ஹெச்எம்கிட்ட "எங்க பிஆர்டிஇ (வட்டார வள மைய ஆசிரியர்) யாரு, ஸ்பெஷல் டீச்சர் எந்த நாள் வர்றாங்க" னு பேர் கேட்டு நம்பர் வாங்கிடுங்க. சந்தேகம், புகார்னா கல்வித்துறை ஹெல்ப்லைன் 14417. ஸ்கூல்ல "இவனுக்கு இங்க சரிப்படாது, வேற இடம் பாருங்க" னு வாயால சொன்னாங்கன்னா சண்டை போடாதீங்க, சாந்தமா "சரிங்க, அத எழுதி குடுத்துடுங்க" னு மட்டும் கேளுங்க. எழுதிக் குடுக்க மாட்டாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பாகுபாடு இல்லாம சேத்துக்கணும்னு அவங்களுக்கும் தெரியும்.

அந்த சட்டத்துலதான் 21 வகை குறைபாடு வருது, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாம் அதுல இருக்கு. ஏடிஹெச்டி மட்டும் தனியா இருந்தா அந்த லிஸ்ட்ல இல்ல, இது தெரியாம வரிசையில நின்னு திரும்புறவங்க நிறைய. சர்டிபிகேட்டுக்கு ஸ்வாவ்லம்பன் போர்ட்டல்ல யூடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அப்ளை பண்ணணும், ஆன்லைன் தெரியலன்னா இ-சேவை மையத்துல பண்ணிக்குடுப்பாங்க, அப்புறம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மெடிக்கல் போர்டு பாத்து சதவீதம் போடுவாங்க. 40ல இருந்துதான் பெரும்பாலான சலுகை, கார்டு மஞ்சள் கலர்ல வரும், 80ல இருந்து நீலம், 40க்கு கீழன்னா வெள்ளை. கற்றல் குறைபாடுக்கு 8 வயசுக்கு முன்னாடி சர்டிபிகேட் எதிர்பார்க்காதீங்க. பத்தாவது பன்னிரெண்டாவது படிக்கிற பசங்களுக்கு எக்ஸ்ட்ரா டைம், சொல்றத எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்துல விலக்கு இதெல்லாம் தேர்வுத்துறை குடுக்குது, ஆனா டிசம்பர்ல ஓடினா ஒண்ணும் நடக்காது, ஸ்கூல் மூலமா போகணும், மெடிக்கல் போர்டு டேட் கிடைக்கணும், அதனால ஒன்பதாவதுலயே ஆரம்பிச்சிடுங்க. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை குறைபாடு இந்த நாலுக்கும் மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்துற நிராமயா இன்சூரன்ஸ் ஒரு லட்சம் வரைக்கும் இருக்கு, தெரபி செலவுக்கும் ஒரு பங்கு வரும், இத யாரும் நம்மகிட்ட வந்து சொல்றதில்ல.

மாத்திரை பத்தி ஒரே ஒரு எச்சரிக்கை. ஏடிஹெச்டிக்கு குடுக்கற மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, தெருமுனை மெடிக்கல்ல கிடைக்காது, சீட்டு இல்லாம யாரும் குடுக்க மாட்டாங்க. தீர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஓபிக்கு போங்க. தீபாவளி பொங்கல் லீவு நடுவுல தீர்ந்துச்சுன்னா திண்டாட்டம்தான்.

பிள்ளைய யாராவது தொட்டு தப்பா நடந்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா வழி வேற. குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க. போக்சோ சட்டம் 2012, 19வது பிரிவுப்படி தெரிஞ்ச எவரும் சொல்லியே ஆகணும், டாக்டரும் கவுன்சிலரும் கூட மறைக்க முடியாது, அதனால "இத மட்டும் போலீஸ்ல சொல்லாதீங்க டாக்டர்" னு கேட்டு பிரயோஜனம் இல்ல. பிள்ளையோட வாக்குமூலத்த வீட்லயே, யூனிஃபார்ம் போடாம, முடிஞ்சவரைக்கும் பெண் அதிகாரிதான் எடுக்கணும். எஃப்ஐஆர் காட்டுனாதான் வைத்தியம்னு எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. பெத்தவங்க இல்லாத, ரொம்ப கஷ்டப்படற குடும்பத்துப் பிள்ளைன்னா குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு, மாசம் 4000 ரூபா, கேட்டு பாருங்க.

அட்மிட் பண்ணணும்னு சொன்னா பயப்படாதீங்க, ஆனா விதி தெரிஞ்சிருக்கணும். 18க்கு கீழன்னா ஒரே டாக்டர் சொல்லி சேக்க முடியாது, ரெண்டு பேர் தனித்தனியா பாக்கணும், அதுல ஒருத்தர் மனநல டாக்டரா இருக்கணும். பெரியவங்க வார்டுல போடக் கூடாது. நீங்களோ நீங்க சொல்ற ஆளோ கூடவே இருக்கணும், பொண்ணுன்னா பெண் துணைதான். ஷாக் ட்ரீட்மென்ட் உங்க சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தோட முன் அனுமதியும் இல்லாம நடக்கவே நடக்காது.

எங்கயாவது மாட்டிக்கிச்சுன்னா, டேட் குடுக்காம இழுத்தாங்கன்னா, திங்கக்கிழமை ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள், இல்லன்னா முதல்வர் உதவி எண் 1100. மனுல ஒரே ஒரு கோரிக்கை எழுதுங்க, "சர்டிபிகேட்டுக்கு மெடிக்கல் போர்டு தேதி வேணும்" ங்கற மாதிரி. மூணு துறை விஷயத்த ஒரே மனுல எழுதினா அது மூணு ஆபீஸ் சுத்திட்டு எங்கயும் நிக்காது.

பிள்ளைக்கு 17 ஆச்சுன்னா அடுத்த வேலைய இப்பவே பேசுங்க. 18 முடிஞ்சதும் குழந்தைங்க ஓபி கிடையாது, பெரியவங்க பிரிவுக்கு மாத்துவாங்க, பழைய டாக்டர்கிட்ட ஒரு முழு சுருக்கம் எழுதி வாங்கிக்கோங்க. வைத்தியத்துக்கு சம்மதம் குடுக்கறதும் இனிமே அந்தப் பையனோ பொண்ணோதான், அம்மா கையெழுத்து போதும்ங்கற காலம் முடிஞ்சுது. ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ இருந்து தானா முடிவெடுக்க முடியாத பிள்ளைன்னா சட்டப்படி கார்டியனா இருக்க நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல கலெக்டர் தலைமையில உள்ளூர் குழு இருக்கு, அதுக்கு 18 முடிஞ்ச உடனே மனு போடலாம், யூடிஐடி கார்டும் பிறப்புச் சான்றிதழும் அப்ப தயாரா இருக்கட்டும்.