சிறுவர்களோடு சேர்ந்து கேம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கேம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, இனிப் பிள்ளைகளிடம் காட்டி அபிப்பிராயம் கேட்போம்." கொழும்பில் சிறுவர்களுக்கான கேம், செயலி செய்கிறவர்களிடம் இந்த வசனத்தை அடிக்கடி கேட்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன். பெரிய தவறு இதுதான். அந்த நேரத்தில் பிள்ளையால் மாற்றக்கூடியது நிறமும் சத்தமும் மட்டுமே.

அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் சிறுவர்களோடு நீண்ட காலம் வேலை செய்த அலிசன் ட்ரூயின், தொழில்நுட்ப உருவாக்கத்தில் சிறுவர்களுக்குக் கிடைக்கும் இடத்தை 2002இல் நான்காகப் பிரித்துக் காட்டினார்: பயன்படுத்துபவர், பரிசோதிப்பவர், தகவல் தருபவர், வடிவமைப்புப் பங்காளி. முடிந்த பொருளைக் கையில் கொடுத்துவிட்டு "பங்காளி" என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவருடைய குழுவில் 7 முதல் 11 வயதுவரையான பிள்ளைகள் பாடசாலை முடிந்த பிறகு வந்து, பெரியவர்களோடு உட்கார்ந்து, வெறும் யோசனையாக இருக்கும்போதே வேலையைத் தொடங்கினார்கள்.

அடுத்தது, அந்த அறையை வகுப்பறை ஆக்கிவிடுவது. நம் பிள்ளைகள் "சேர்", "மிஸ்" என்று கூப்பிடத் தொடங்கினால் உடனே சரியான விடையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கை உயர்த்துவார்கள், உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், "நல்லா இருக்கு" என்பார்கள். மேரிலாந்தில் பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், கை உயர்த்தும் பழக்கமே இல்லை. இங்கே பத்து வயதுப் பிள்ளை நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடாது, கூப்பிட்டாலும் தாய்க்குப் பிடிக்காது. அண்ணா, அக்கா போதும். எல்லோரும் தரையில் பாய் விரித்து உட்காருங்கள், முதலில் பிஸ்கட்டும் மைலோவும் கொடுங்கள். அப்புறம் பாருங்கள், குரல் மாறிவிடும்.

"பிடித்ததா?" என்று கேட்பதும் பயன்படாது. சிரிப்பு முகங்களைக் காட்டிப் புள்ளி கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் மிகப் பெரிய சிரிப்பையே தெரிவு செய்கிறார்கள் என்பது அதை உருவாக்கியவர்களே கண்ட விஷயம். "இதைத் திரும்ப விளையாடுவாயா?" என்று கேளுங்கள். அதைவிட, கேமைத் திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். யார் திரும்பி வருகிறார்கள் என்பது தெரியும்.

டேப்லெட்டை முதல் நாளே நீட்டாதீர்கள். திரையில் தெரிவது எல்லாம் முடிந்த பொருள் போலத் தோன்றும், அதில் கைவைக்கப் பிள்ளைக்குத் தயக்கம் வரும். கழுவிய யோகட் கப், ஐஸ்பழக் குச்சி, பிரிஸ்டல் போர்ட், சட்டைப் பொத்தான், செலோடேப், இவ்வளவும் ஒரு பையில் போதும். வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமை, கணக்குக் கேம் ஒன்றுக்காக இப்படி உட்கார்ந்தோம். எங்கள் மனதில் இருந்தது பலூன்: சரியான விடை உள்ள பலூனைச் சுட வேண்டும். தரம் 4 படிக்கும் ஒரு சிறுமி யோகட் கப்பைக் கவிழ்த்து, பக்கத்தில் ஒரு குச்சியை நிறுத்தினாள். "இது 100ஆம் நம்பர் பஸ். இவர் கொண்டக்டர். மிச்சக் காசு தர மாட்டார். இறங்கும் ஹோல்ட் வரமுன்னம் சரியாக் கணக்குச் சொல்லிக் கேட்டால்தான் தருவார்." பொத்தான்கள்தான் காசு. அந்தக் கப் பஸ் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் மூன்று பிள்ளைகள் அவளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பலூனில் கணக்கு ஒரு பக்கம், விளையாட்டு ஒரு பக்கம். அவளுடைய பஸ்ஸில் கணக்குத்தான் விளையாட்டு.

பிள்ளை சொன்ன எல்லாவற்றையும் அப்படியே செய்ய வேண்டும் என்று நினைப்பதும் தவறு. ட்ராகன் வேண்டும் என்றால், அது என்ன செய்யும் என்று கேளுங்கள். ட்ராகன் கேட்ட ஒரு பையனுக்கு உண்மையில் தேவைப்பட்டது, தோற்றாலும் தன் பக்கம் நிற்கும் ஒரு துணை. ஏதாவது ஒன்றைச் செய்ய முடியாவிட்டால் காரணத்தை அவர்களிடமே சொல்லுங்கள். காசு இல்லை, நேரம் இல்லை என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும். சத்தமில்லாமல் விட்டுவிடுவதுதான் அவர்களைப் புண்படுத்தும்.

யுனிசெப் 1992இல் வெளியிட்ட ரொஜர் ஹார்ட்டின் கட்டுரையில், சிறுவர் பங்கேற்பு எட்டுப் படி ஏணியாக வரும். கீழ் மூன்று படிகளையும் அவர் பங்கேற்பாகவே கணக்கெடுக்கவில்லை. வெளியீட்டு விழாவில் விளக்கேற்ற மட்டும் பிள்ளையை மேடைக்குக் கூப்பிடுவது அந்தக் கீழ்ப் படிகளில்தான் சேரும். படம் எடுப்பதற்கும் பெற்றோரின் கையொப்பம் மட்டும் போதாது, பிள்ளையிடமும் கேளுங்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர்களின் தரவை விசேட வகையாகவே பார்க்கிறது.

மொழியை நீங்களே தீர்மானிக்காதீர்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை வீட்டில் தமிழும் ஒழுங்கையில் சிங்களமும் பேசும், கேமுக்குள் வந்தால் "லெவல்", "லைஃப்" என்றுதான் சொல்லும். பொத்தானில் என்ன எழுதலாம் என்று அவர்களிடமே விடுங்கள். நேரமும் முக்கியம்: தரம் 5 பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன் கூப்பிடாதீர்கள். டியூஷன் முடிந்து களைத்து வரும் பிள்ளையிடம் யோசனை கேட்பது நியாயமில்லை.

கடைசியாக, ஒரு நாளோடு விட்டுவிடாதீர்கள். மூன்று வாரம் கழித்து பஸ் கேமை போனில் போட்டுக் காட்டினோம். கொண்டக்டர் முரட்டாக இருக்கிறாரே என்று நாங்கள் அவரைக் கொஞ்சம் நல்லவராக்கியிருந்தோம். அந்தச் சிறுமி இரண்டு ஹோல்ட் விளையாடிவிட்டு போனைத் திருப்பித் தந்தாள்.

"இவர் கேக்க முந்தியே காசு தாறார் அண்ணா. அப்ப கேம் எங்க?"

அடுத்த சனிக்கிழமை அவள் வரும்போது கொண்டக்டர் பழையபடி இருந்தார்.