தேடலில் பிடித்த இடத்தைத் தக்கவைப்பது எப்படி: சேலத்துக் கடைகளுக்கும் ஏற்காட்டு விடுதிகளுக்கும்

பள்ளிகள் திறந்து இரண்டு வாரம் ஆனதும் ஏற்காட்டு விடுதிக்காரர்களிடமிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "சார், கூகுள்ல நம்ம சைட் கீழ போயிடுச்சு, என்னன்னு பாருங்க" என்பதே எல்லோருடைய முறையீடும். திறந்து பார்த்தால் பெரும்பாலும் தளம் இருந்த இடத்திலேயே இருக்கும்; தேடுகிறவர்கள்தான் குறைந்திருப்பார்கள். மே மாதத்தில் கோடை விழாவுக்கும் அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சிக்கும் மலையேறிய கூட்டம் இறங்கிவிட்ட பிறகு, அறை தேடுகிறவர்களின் எண்ணிக்கை சரிவது இயல்பே. இதை உணராமல் பதறிப்போய்ப் பக்கத் தலைப்புகளையும் இணைய முகவரிகளையும் மாற்றிவைப்பவர்கள், அதுவரை இழக்காத இடத்தை அந்த மாற்றத்தாலேயே இழந்துவிடுகிறார்கள்.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன்னால், விழுந்தது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி போதும். அதன் செயல்திறன் அறிக்கையில் மூன்று எண்களைச் சேர்த்துப் பாருங்கள்: தேடல் முடிவில் உங்கள் பக்கம் எத்தனை முறை தென்பட்டது என்பதைச் சொல்லும் இம்ப்ரெஷன், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதைச் சொல்லும் கிளிக், சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தது என்பதைச் சொல்லும் சராசரி இடம். இம்ப்ரெஷன் குறைந்து சராசரி இடம் மாறாமல் இருந்தால், தேவை குறைந்திருக்கிறது என்று பொருள். அதற்குத் தளத்தில் செய்ய ஒன்றுமில்லை. இடமே நான்கிலிருந்து பதினொன்றுக்குப் போயிருந்தால்தான் அது உண்மையான சரிவு. இம்ப்ரெஷனும் இடமும் அப்படியே இருக்கக் கிளிக் மட்டும் குறைந்தால், முடிவுப் பக்கத்தின் தோற்றம் மாறியிருக்கும்: மேலே விளம்பரங்கள் கூடியிருக்கலாம், வரைபடப் பெட்டி வந்திருக்கலாம், அல்லது 2024 முதல் இந்தியாவிலும் காட்டப்படுகிற ஏஐ சுருக்கமே தேடியவருக்குப் பதில் சொல்லி முடித்திருக்கலாம்.

ஒப்பிடும்போது சென்ற மாதத்தோடு ஒப்பிடாதீர்கள்; சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மாம்பழ வியாபாரிக்கும் மலைவிடுதிக்கும் இதைத் தவிர வேறு நேர்மையான ஒப்பீடு கிடையாது. சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கும் என்பதால், மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையைப் பதிவிறக்கி ஓர் எக்செல் கோப்பில் சேர்த்துக்கொண்டே வருவது நல்லது. மூன்றாம் ஆண்டில்தான் அதன் அருமை தெரியும்.

சராசரி இடம் என்ற எண்ணிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் புதிதாக ஒரு பக்கம் எழுதி, அது ஐம்பது புதிய தேடல்களுக்கு அறுபதாவது இடத்தில் தென்படத் தொடங்கினால், பழைய பக்கங்கள் ஓரடி நகராவிட்டாலும் தளத்தின் மொத்தச் சராசரி கீழே இறங்கிவிடும். எனவே மொத்த எண்ணை நம்பாமல், வருமானம் தருகிற பத்துப் பதினைந்து தேடல் சொற்களைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். உங்கள் கைபேசியிலேயே தேடிப் பார்த்து முடிவுக்கு வருவது அதைவிட மோசமான வழி. நீங்கள் இருக்கும் இடத்துக்கு ஏற்ப முடிவுகள் மாறும். ஏற்காட்டில் அறை எடுக்கிறவர்களில் பலர் பெங்களூரிலும் சென்னையிலும் உட்கார்ந்து தேடுகிறார்கள். சேலம் ஐந்து ரோட்டில் நின்றுகொண்டு நீங்கள் பார்க்கும் பட்டியல் அவர்கள் பார்ப்பதல்ல.

பழைய பக்கங்கள்தான் முதலில் பழுதாகின்றன

உண்மையான சரிவு என்று உறுதியானால், என் அனுபவத்தில் பெரும்பாலும் காரணம் கூகுளிடம் இருப்பதில்லை. எழுதி வைத்துவிட்டு மறந்துபோன பக்கத்தில்தான் இருக்கும். விடுதித் தளங்களில் 'எப்படி வருவது' என்ற பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரில் பயணிகள் விமானச் சேவை மீண்டும் தொடங்கிய பிறகும், "அருகிலுள்ள விமான நிலையம் திருச்சி அல்லது கோவை" என்றே பல தளங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பிரதான மலைப்பாதையை மட்டும் விவரித்துவிட்டு, மழைக்காலத்தில் மண் சரிந்தால் கைகொடுக்கும் குப்பனூர் பாதையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத பக்கங்களும் உண்டு. படித்தவர் தேவையானது கிடைக்காமல் திரும்பிப் போய் அடுத்த முடிவைத் திறப்பார். அந்த அடுத்த தளம் விவரத்தைச் சரியாக வைத்திருந்தால், நாளடைவில் உங்கள் இடம் அதற்குப் போய்விடும்.

புதுப்பிப்பது என்பது தேதியை மாற்றுவது அல்ல. உள்ளே ஒரு சொல்லும் மாற்றாமல் மேலே இன்றைய தேதியைப் போடுவதால் எந்தப் பயனும் இல்லை என்பதைக் கூகுளே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதிகமாகப் படிக்கப்படும் பக்கங்களை ஒரு வாடிக்கையாளரின் கண்ணோடு முதல் வரியிலிருந்து படித்து, விலை, நேரம், வழி, படம் ஆகியவற்றைச் சரிபார்த்து, அண்மையில் வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு அங்கேயே பதில் எழுதுங்கள். "இரவு எத்தனை மணி வரை மலையேறலாம், பெரிய வேன் உங்கள் வாசல் வரை வருமா" என்பவை போன்ற கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்தான், வேறெவரும் எழுதாதவை.

ஆண்டுதோறும் திரும்பி வரும் பொருளுக்கு ஆண்டுதோறும் புதிய பக்கம் திறக்காதீர்கள். கோடை விழாவுக்கும் ஆடிப் பண்டிகைக்கும் மல்கோவா சீசனுக்கும் ஆண்டு எண் இல்லாத ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, உள்ளடக்கத்தை மட்டும் அந்தந்த ஆண்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். மற்றத் தளங்கள் தந்த இணைப்புகளின் பலமெல்லாம் அந்த ஒரே முகவரியில் சேர்ந்துகொண்டே போகும்; புதிய பக்கம் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடுதான் தொடங்கும்.

இதற்கு நெருங்கிய இன்னொரு நோய், ஒரே பொருளுக்குப் பல பக்கங்கள் இருப்பது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்கும் ஒருவரின் தளத்தில், 'சேலம் கொலுசு' என்ற பொருளில் மட்டும் நான்கு பக்கங்கள் இருந்தன; நான்கும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் எழுதியவை. சர்ச் கன்சோலில் அந்தத் தேடல் சொல்லைத் தேர்ந்தெடுத்துப் பக்கங்கள் என்ற பிரிவைத் திறந்தபோது, ஒரு வாரம் ஒரு பக்கமும் மறுவாரம் வேறொரு பக்கமும் மாறி மாறி வந்திருந்ததும், எதுவும் எட்டாம் இடத்துக்கு மேலே ஏறாததும் தெரிந்தது. எடை, டச் எனப்படும் வெள்ளியின் தூய்மை, கெட்டிக் கொலுசுக்கும் முத்துக் கொலுசுக்கும் உள்ள வேறுபாடு, பழைய வெள்ளியை மாற்றும் முறை என்று நான்கிலும் சிதறிக் கிடந்த நல்ல பகுதிகளை ஒரே பக்கமாக்கி, மற்ற மூன்று முகவரிகளையும் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு) மூலம் அதற்கே திருப்பிவிட்டோம். அதன் பிறகு அந்தத் தேடலுக்கு ஒரே பக்கம் நிலையாக வரத் தொடங்கியது.

ஊர்ப் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சேலமும், ஆரிகன் மாநிலத்தின் தலைநகராக இன்னொரு சேலமும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதி வைத்தால், வெளிநாட்டிலிருந்து தேடும் நம்மவருக்குச் சூனியக்காரிகள் விசாரணை நடந்த ஊர்தான் முதலில் வந்து நிற்கும். ஆங்கிலப் பக்கங்களின் தலைப்பில் தமிழ்நாடு என்ற சொல்லையும், பக்கத்தின் அடியில் முழு அஞ்சல் முகவரியையும் விடாமல் எழுதுங்கள். ஏற்காட்டை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள் என்பதற்காக ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு பக்கம் தேவையில்லை; அந்த அளவுக்கான எழுத்துப் பிழைகளைத் தேடுபொறி தானே புரிந்துகொள்ளும்.

நான் செய்த தவறு

உள்ளடக்கம் நன்றாக இருந்தும் ஒரே நாளில் தளம் காணாமற்போவது, பெரும்பாலும் தளத்தைப் புதுப்பித்துக் கட்டும்போது நேர்கிறது. ஒரு விடுதியின் தளத்தை வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் புதிதாக வடிவமைத்தபோது, வேலை முடியும்வரை யார் கண்ணிலும் படக்கூடாது என்று, தேடுபொறிகள் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் எனச் சொல்லும் கட்டத்தை 'ரீடிங்' அமைப்பில் டிக் செய்து வைத்திருந்தேன். தளத்தை வெளியிட்ட இரவில் அதை எடுக்க மறந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் உரிமையாளர் அழைத்த பிறகுதான், சர்ச் கன்சோலின் பக்கப் பட்டியலிடல் அறிக்கையில், நோஇண்டெக்ஸ் குறியால் விலக்கப்பட்டவை என்ற வரிசையில் அவருடைய பக்கங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். டிக்கை எடுத்து, முகவரிச் சோதனைக் கருவியில் முக்கியப் பக்கங்களுக்கு மறுபட்டியலிடக் கோரினேன். முகப்புப் பக்கம் சில நாளில் திரும்பி வந்தது. உட்பக்கங்களுக்கு வாரங்கள் ஆயின. அன்று முதல், தளத்தை வெளியிட்ட மறுநாள் காலையில் இந்த அறிக்கையைத் திறக்காமல் நான் வேறு வேலையைத் தொடுவதில்லை.

வடிவமைப்பை மாற்றும்போது முகவரிகளும் மாறுவதாக இருந்தால், பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் நேரான புதிய முகவரியை எழுதி ஒரு பட்டியல் தயாரித்து, 301 ரீடைரக்ட் போட்டு, குறைந்தது ஓராண்டாவது அதை வைத்திருங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது சோம்பேறி வழி. தேடுபொறி அதைப் பக்கம் இல்லாததாகவே கருதக்கூடும். டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர், உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். தளம் கட்டிக் கொடுத்தவரின் பழைய மின்னஞ்சலுக்குப் புதுப்பிப்பு நினைவூட்டல் போய்க்கொண்டிருந்தால், ஒருநாள் தளமே இருக்காது.

பழைய பிளகின்கள் (தளத்தோடு சேர்க்கும் கூடுதல் நிரல்கள்) வழியே புகுந்து, தளத்துக்குள் ஆயிரக்கணக்கான ஜப்பானிய மொழிப் பக்கங்களைத் திணிப்பது நெடுநாளாக நடந்துவரும் ஒரு தாக்குதல். முகப்புப் பக்கம் வழக்கம்போலவே தெரியும் என்பதால் உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது. ஆங்கிலத்தில் site என்ற தேடல் குறியோடு முக்காற்புள்ளியும் (:) உங்கள் முகவரியும் இட்டு மாதம் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஜவ்வரிசி வியாபாரத் தளத்தில் ஜப்பானிய எழுத்து தென்பட்டால் உடனே தெரிந்துவிடும்.

வேகத்தைப் பொறுத்தவரை கூகுள் மூன்று அளவுகளை வைத்திருக்கிறது: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும், தொட்டதற்கு 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும், தோன்றும்போது எழுத்தும் படமும் குதிக்கும் அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும். வருகைகளில் நான்கில் மூன்று பங்காவது இந்த அளவுகளுக்குள் அமைந்தால் போதும். நூற்றுக்கு நூறு மதிப்பெண் எடுக்க ஆள் வைத்துச் செலவழிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நம் ஊர்த் தளங்களில் குற்றவாளி பெரும்பாலும் படங்கள்தான். கைபேசியில் எடுத்த நான்கு ஐந்து எம்பி படங்களை அப்படியே ஏற்றாமல், அகலத்தை 1600 பிக்சலுக்குள் சுருக்கி, வெப்பி (WebP) என்ற சிறிய அளவுப் பட வடிவத்தில் ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். மலைப்பாதை வளைவில் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் உங்கள் வாசல் வழியைத் தேடுகிறவரை நினைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

கூகுள் தன் முறையை மாற்றும்போது

ஆண்டுக்குச் சிலமுறை கூகுள் தன் மதிப்பீட்டு முறையைப் பெரிய அளவில் திருத்தி, அதை வெளிப்படையாக அறிவிக்கிறது. 2024 மார்ச் 5 அன்று தொடங்கிய திருத்தம் முழுமையாக அமலாக 45 நாள்கள் ஆயின. இத்தகைய நாள்களில் இடம் ஏறி இறங்கும். அப்போது எதையும் மாற்றாதீர்கள். திருத்தம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டு ஒரு வாரம் கழித்து, தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கங்கள் விழுந்தன, அவற்றின் இடத்தில் யார் வந்திருக்கிறார்கள், அவர்களிடம் உங்களிடம் இல்லாத எது இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். சரிசெய்தாலும் பலன் தெரிய மாதங்கள் ஆகலாம்.

இந்தச் சமயத்தில்தான் "ஐயாயிரம் ரூபாய்க்கு ஐந்நூறு பேக்லிங்க்" என்று, பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு இணைப்பு விற்கும் மின்னஞ்சல் வரும். இடம் விழுந்த கவலையில் இருப்பவருக்கு அது மருந்தாகத் தெரியும். விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் கூகுள் 2012-இலிருந்தே கடுமையாகக் கையாண்டு வருகிறது. சில சமயம் அவை வெறுமனே பயனற்றுப் போகும், சில சமயம் தண்டனையாகத் திரும்பி வரும். தண்டனை வந்திருந்தால் சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்ஷன் பகுதியில் எழுதியிருக்கும். அங்கே ஒன்றும் இல்லையென்றால், யாரோ உங்களுக்குக் கெட்ட இணைப்பு கொடுத்துவிட்டார்கள் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

கடைக்கும் விடுதிக்கும் வரைபடப் பெட்டியில் தெரியும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் தளத்துக்கு இணையான முக்கியத்துவம் உடையது. பண்டிகை விடுமுறை நேரத்தை முன்கூட்டியே இடுங்கள். தளத்திலும் அங்கும் ஒரே பெயர், ஒரே தொலைபேசி எண் இருக்கட்டும். குறை சொன்ன மதிப்புரைக்கும் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். மதிப்புரைக்கு ஈடாகத் தள்ளுபடி தருவது விதிமீறல்.

இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் எது மாறினாலும் தேதி, பக்கம், பழையது, புதியது, மாற்றியவர் யார் என்று ஒரு வரி. கூகுள் திருத்தம் அறிவித்தால் அதற்கு ஒரு வரி. மலைப்பாதை மூடப்பட்ட நாளுக்கும் ஒரு வரி. வரைகோடு விழுந்த தேதியை அந்த நோட்டின் தேதிகளோடு பொருத்திப் பார்க்கும்போது, பாதிச் சரிவுகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். அதற்கு முதல் வரியாக, இன்றைய தேதியையும் உங்கள் முக்கியமான பத்துத் தேடல் சொற்களின் இன்றைய இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.