கரும்பு நிலத்தை விற்காமல் கட்டுரிமையை மட்டும் விற்பது: கணக்குப் போடும் முறை

பெரியப்பாவின் நிலம் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலத்தை அடுத்து இருக்கிறது. பன்னிரண்டு ஹெக்டேர். மேட்டில் கரும்பு, ஓடைப்பக்கம் கத்திரியும் பச்சை மிளகாயும். 2010-இல் லா மெர்சியில் கிங் ஷாக்கா விமான நிலையம் திறந்ததிலிருந்து மனைத் தரகர்கள் வராத மாதமில்லை. நிலத்தை விற்க அவருக்கு மனமில்லை. பேரப்பிள்ளைகள் படிப்புக்கோ பணம் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து வழி தேடப் போய்த்தான் டி.டி.ஆர். என்கிற மாற்றத்தக்க கட்டுரிமையைக் கற்றுக்கொண்டேன். எங்கள் கோயில் மண்டபத்தில் இதை இருமுறை விளக்கினேன். முதல் முறை கணக்கு நிற்கவில்லை. இரண்டாம் முறை நின்றது. இங்கே எழுதுவது அந்த இரண்டாவது கணக்கு.

விஷயம் இதுதான்: நிலத்தில் வீடு கட்டும் உரிமையை மட்டும் தனியே பிரித்து விற்கிறீர்கள். மண்ணும் விளைச்சலும் உங்களிடமே இருக்கும். வாங்கியவர் அந்த உரிமையை நகரத்தில் வேறோர் இடத்தில் கூடுதல் மாடியாகக் கட்டிக்கொள்வார். உங்கள் நிலத்தில் இனி வீடுகள் எழும்பாது என்று பத்திரத்தில் நிரந்தரமாக ஏறிவிடும். நகராட்சியின் நிலப்பயன் திட்டத்தில் இப்படி ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போகும்முன், கையில் இருக்கவேண்டிய கணக்கு இது.

படி 1: நிலப்பட்டியல்

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும். இலவசம், காசு கொடுத்து வாங்கும் எதையும்விட எனக்கு இதுதான் பிடிக்கும். அரசு நில அளவைத் தலைவரான சர்வேயர் ஜெனரலின் மனை எல்லைக் கோப்பை ஏற்றி, உங்கள் ஊர் நிலங்களை மட்டும் பிரித்தெடுங்கள். டர்பன் பக்கத்து வரைபடங்கள் எல்ஓ31 என்ற தென்னாப்பிரிக்க அளவுமுறையில் வரும். அதில் தூரத்தை மேற்கும் தெற்குமாக எண்ணுவதால் சில நேரம் ஊரே தலைகீழாகத் தெரியும். யூடிஎம் 36 தெற்கு என்ற உலகப் பொது அளவுமுறைக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். பழைய பத்திரங்களில் ஏக்கர், ரூட், பெர்ச் என்றிருக்கும். ஒரு ஏக்கருக்கு 4 ரூட், 160 பெர்ச். ஹெக்டேரில் 0.4047. எல்லாவற்றையும் ஹெக்டேருக்கு மாற்றிய பிறகே கூட்டுங்கள்.

படி 2: விற்க உங்களிடம் என்ன உரிமை இருக்கிறது?

காகிதத்தில் இல்லாத உரிமையை விற்க முடியாது. நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டின் 70-ஆம் சட்டப்படி, அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விளைநிலத்தைத் துண்டாட முடியாது. ஆகவே "என் நிலத்தில் நூறு மனை போடலாம்" என்பது தரகர் சொல்லும் கணக்கு. எத்தனை உரிமை என்பதைத் திட்டமே எழுதித் தரவேண்டும்.

அமெரிக்காவில் மேரிலாந்தின் மாண்ட்கோமரி மாவட்டம் 1980-இல் இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். அதற்குமுன் 5 ஏக்கருக்கு ஒரு வீடு கட்டலாம். அதை 25 ஏக்கருக்கு ஒரு வீடாகக் குறைத்தார்கள். ஆனால் விற்கும் உரிமையை மட்டும் பழையபடி 5 ஏக்கருக்கு ஒன்றென்றே கொடுத்தார்கள். இழப்புக்கு ஈடு அதுதான். சுமார் 93,000 ஏக்கர் விவசாயக் காப்புப் பகுதி அப்படித்தான் உருவானது. நானும் அதே அளவை எடுத்து 2 ஹெக்டேருக்கு ஓர் உரிமை என்று வைத்தேன்.

படி 3: யார் வாங்குவார்?

நான் சறுக்கிய இடம் இதுதான், இங்கே நிதானமாகப் போங்கள். முதல் கூட்டத்தில் பச்சைப் பசேலென்று ஒரு வரைபடத்தைக் காட்டி, "நம்மிடம் 60 உரிமைகள் இருக்கின்றன" என்றேன். பெரியப்பா எழுந்து, "சரி கண்ணு, இதை எவன் வாங்குவான்?" என்று கேட்டார். என்னிடம் பதிலில்லை. உரிமையைக் கொடுக்கும் பகுதியை, அதாவது நம் விளைநிலத்தை மட்டுமே கணக்கிட்டிருந்தேன். வாங்கும் பகுதியை, அதாவது கூடுதல் மாடி எழும் நகர இடத்தைப் பார்க்கவே இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் எல்லாம் பயிற்சிக்காக வைத்தவை. ஊர் நிலம் 120 ஹெக்டேர், ஆக 60 உரிமை. வாங்கும் பகுதியில் ஒரு கட்டடத்துக்குச் சாதாரணமாக 40 வீடு கட்டலாம், உரிமை வாங்கினால் 60. ஓர் உரிமைக்கு ஒரு கூடுதல் வீடு என்றால் ஒரு கட்டடம் 20 உரிமைகளை எடுக்கும். மூன்று கட்டடங்களில் எல்லாம் விற்றுப்போகும்.

இப்போது விலை. கட்டுமானச் செலவெல்லாம் போக, கூடுதல் வீடு ஒன்றில் கட்டுபவருக்கு 80,000 ராண்ட் மிஞ்சுகிறது என்று வையுங்கள். அதற்குமேல் அவர் உரிமைக்குத் தரமாட்டார். 60 உரிமைக்கு 48 லட்சம், அதாவது ஹெக்டேருக்கு 40,000 ராண்ட். இந்தத் தொகைக்கு நிரந்தரமாகக் கையெழுத்துப் போட எங்கள் ஊரில் யாரும் முன்வரவில்லை.

ஓர் உரிமைக்கு இரண்டு வீடு என்று மாற்றிப் பாருங்கள். உரிமையின் மதிப்பு 1,60,000 ஆகும், ஹெக்டேருக்கு 80,000. ஆனால் இப்போது 120 கூடுதல் வீட்டுக்கு இடம் வேண்டும், அதற்கு ஆறு கட்டடம். விவசாயிக்கு விலை ஏற ஏற நகரத்தில் இடமும் கூட வேண்டும். இந்த விகிதத்தை நாலைந்து விதமாக மாற்றி லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் ஓர் அட்டவணை போட்டுவிடுங்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பைன்லேண்ட்ஸ் காட்டுப் பகுதியில் ஒரு முழு உரிமைச் சான்றுக்கு நான்கு வீடு. விகிதத்தை உயர்த்துவது புதிய யோசனை அல்ல.

இந்தக் கணக்கு ஒரே ஒரு நிபந்தனையில்தான் நிற்கும்: 41-ஆவது வீட்டுக்கு உரிமை வாங்கியே ஆகவேண்டும். ரீசோனிங் (நிலப்பயன் வகையை மாற்றும்) விண்ணப்பத்தில் கூடுதல் பல்க், அதாவது கூடுதலாகக் கட்ட அனுமதிக்கும் அளவு, சும்மாவே கிடைத்துவிட்டால் உங்கள் உரிமையை யாரும் தொடமாட்டார்கள். அதனால் நகராட்சியிடம் முதலில் கேட்கவேண்டியது, வாங்கும் பகுதியில் இலவச பல்க் எங்கே முடிகிறது என்பதுதான். விளைநிலத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. 2013-இன் ஸ்ப்லூமா என்ற நிலப்பயன் திட்டமிடல் சட்டம் நகராட்சி எல்லை முழுவதற்கும் ஒரே நிலப்பயன் திட்டம் வேண்டும் என்கிறது. கரும்பு நிலமும் மாடிக் கட்டடமும் ஒரே விதிப்புத்தகத்தில் வருவது நமக்குச் சாதகம்.

விற்பனைக்கு வரும் உரிமைகளைப் போல இரண்டு மடங்காவது வாங்கும் இடம் இருக்கட்டும். இது என் பிடிவாதம். ஏனென்றால் எல்லாக் கட்டுநரும் உச்ச உயரத்துக்குக் கட்டுவதில்லை.

வாங்கும் பகுதியில் தண்ணீர், கழிவுநீர், பேருந்து மூன்றையும் பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வெருலத்துக்கு அருகே டோங்காட் ஊரின் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பாழாகி, அங்குள்ளவர்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். அப்படிப்பட்ட இடத்தில் குழாயைப் பலப்படுத்தாமல் மாடி ஏற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. மும்பையில் 1991 விதிகளின்படி வந்த கட்டுரிமைகளை வடக்குப் புறநகர்களில் கொண்டுபோய்க் குவித்தார்கள். அங்கே சாலையும் குழாயும் திணறின.

படி 4: இடையில் யார் வைத்திருப்பது?

பெரியப்பாவுக்கு இந்த ஆண்டே பணம் வேண்டும், கட்டுநர் வருவதற்கு ஐந்து ஆண்டு ஆகலாம். அந்த இடைவெளியில் உரிமையை வாங்கி வைத்திருக்க ஒரு வங்கி வேண்டும். பைன்லேண்ட்ஸுக்கு 1985-இலேயே அப்படி ஒன்று அமைந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் கிங் மாவட்டம் 2004-இல் ஸ்னோகுவால்மி காட்டில் 90,000 ஏக்கரின் கட்டுரிமையை 2.2 கோடி டாலருக்கு வாங்கியது.

படி 5: பெரியவர்களிடம் பேசுவது

"உரிமையை விட்டுக்கொடுங்கள்" என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம். இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியேற்றிய 1950-இன் குரூப் ஏரியாஸ் சட்டத்தில், டர்பனின் கேட்டோ மேனர் தோட்டங்களை இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. காகிதத்தோடு ஒருவர் வந்து நிலத்தைப் பற்றிப் பேசினாலே அவர்களுக்கு அந்த நாள் ஞாபகம் வரும். விற்கலாம், விற்காமலும் இருக்கலாம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளோடு படிக்க அவகாசம் கொடுங்கள்.

பின்சேர்க்கை 1: நிலத்தின்மேல் வங்கிப் பாண்ட் (அடமானக் கடன்) இருந்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். கட்டுத்தடையை சர்விட்யூடாக (நிலத்தோடு ஒட்டிய நிரந்தரக் கட்டுப்பாடாக) பத்திரத்தில் பதிய பாண்ட் வைத்திருக்கும் வங்கியின் ஒப்புதல் வேண்டும். நான் முதலில் எழுதியபோது இதை விட்டுவிட்டேன். பட்டியலில் பாண்டுக்கென்று ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொண்டு, பத்திரப் பதிவு வழக்கறிஞரான கன்வேயன்சரைச் சீக்கிரமே பாருங்கள்.

பின்சேர்க்கை 2: ஜூலு மன்னர் அறங்காவலராக இருக்கும் இங்கோன்யாமா டிரஸ்ட் நிலத்தில் குடியிருக்கும் ஒரு வாசகி எழுதியிருந்தார். அங்கே நிலத்தின் பத்திரம் டிரஸ்டின் பெயரில் இருக்கும், குடும்பத்தின் பெயரில் இருக்காது. ஆகவே படி 2-இல் உரிமை யாருடையது என்ற கேள்வியே வேறாகிவிடும். என் கணக்கை அப்படியே அங்கே பயன்படுத்தாதீர்கள்.

பின்சேர்க்கை 3: எல்லா உரிமையையும் விற்றபின் மகனுக்கு ஒரு வீடு கட்டலாமா? மாண்ட்கோமரியில் 25 ஏக்கர்க்காரர் நான்கை விற்று ஐந்தாவதை வைத்துக்கொள்வார். அப்படி மிஞ்சியவற்றில் வீடுகள் எழும்பத் தொடங்கியதால், அந்த ஐந்தாவதையும் வாங்கிவிடத் தனித்திட்டம் போடவேண்டி வந்தது. எத்தனை வீட்டை வைத்துக்கொள்கிறீர்கள், எந்த மூலையில் என்பதை முதல் நாளே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். பெரியப்பா ஓடைக்கு மேலே மாமரத்தடியில் ஒன்றைக் குறித்திருக்கிறார்.